பௌர்ணமியா, கும்மிருட்டா? டெக்சஸில் இரவுப் பன்றி வேட்டையும் நிலா வெளிச்சமும்

#1 மெஸ்கீட்_முள்

பிராசோஸ் ஆற்றுப் பக்கம் 180 ஏக்கர். நிலத்துக்காரர் எழுத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார். நிலத்தின் வடக்கு ஓரம் முழுக்க ஓடைக்கரைத் தோப்பு, தெற்கே மக்காச்சோள வயல். பன்றிக் கூட்டம் பகலில் தோப்பில் படுத்துக்கொண்டு ராத்திரியில் வயலைக் கிண்டுகிறது. விதைத்த மறுநாளே சால் சாலாக விதையைப் பொறுக்கித் தின்றிருக்கிறது.

கையில் இருப்பது .308 ரைஃபிள், 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர்), ஒரு சிவப்பு டார்ச். உடல் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவி இல்லை, இப்போதைக்கு வாங்கும் எண்ணமும் இல்லை.

"பௌர்ணமிக்குப் போ, பகல் மாதிரி தெரியும்" என்கிறார் ஒருவர். "பௌர்ணமிக்குப் பன்றி தோப்பை விட்டுத் தலையே நீட்டாது, அமாவாசைதான் சரி" என்கிறார் இன்னொருவர். இதில் எதை நம்புவது?

#2 பின்னிலவு

ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க. ஆனா ஆளுக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்றாங்க. முதல் ஆள் சொல்றது உங்க கண்ணைப் பத்தி, ரெண்டாவது ஆள் சொல்றது பன்னியோட பயத்தைப் பத்தி. தெர்மல் இல்லாத உங்களுக்கு முதல் கேள்விதான் முக்கியம். வெளிச்சம் இல்லேன்னா பன்னி வந்தும் பிரயோஜனம் இல்லையே.

இன்னொண்ணு, பௌர்ணமி, அமாவாசைன்னு நாளைப் பார்க்கிறதை விட்டுட்டு மணியைப் பாருங்க. நிலா எத்தனை மணிக்கு எழுது, எத்தனை மணிக்கு விழுது, அந்த நேரத்துல எந்தத் திசையில நிக்குது, இந்த மூணும்தான் வேணும். ஊர்ல பெரியவங்க முன்னிலவு, பின்னிலவுன்னு பிரிச்சாங்களே, அதுதான் வேட்டைக்கும் சரியான கணக்கு.

வளர்பிறை அஷ்டமிக்கு நிலா நடுப்பகல்ல எழுந்து நடுராத்திரியில விழும். இருட்டினதுல இருந்து 12 மணி வரைக்கும் வெளிச்சம், அப்புறம் இருட்டு. தேய்பிறை அஷ்டமிக்கு இது தலைகீழ். பௌர்ணமிக்கு அந்தி சாயும்போது எழுந்து விடியும்போது விழும். அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் சராசரியா 50 நிமிஷம் தள்ளித் தள்ளி எழும். இந்த 50 நிமிஷம் வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்காது. செப்டம்பர், அக்டோபர் பௌர்ணமியை ஒட்டின நாள்கள்ல அரைமணி சொச்சம்தான் தள்ளும். மார்ச், ஏப்ரல்ல ஒரு மணிக்கு மேலேயே போகும்.

வெளிச்சத்தோட அளவுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அரை நிலான்னா பௌர்ணமியில பாதி வெளிச்சம்னு நினைப்பாங்க. பாதி இல்லை, ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. பௌர்ணமிக்கு மூணு நாள் முன்ன பின்ன போனாலே பாதிக்கும் கீழ இறங்கிடும். அதனால 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பை நம்பிப் போறவருக்கு ஏகாதசியில இருந்து தேய்பிறை திரிதியை வரைக்கும்தான் உருப்படியான நாள்.

#3 மெஸ்கீட்_முள்

திதிக்கு நம்ம ஊர் நாள்காட்டியைப் பார்த்தால் போதுமா? இங்கே நேரம் மாறுமே?

#4 பின்னிலவு

போதும், ஒரு நாள் பின்னால தள்ளிக்கிட்டா சரியா வந்துடும். டெக்சஸ் நம்ம ஊருக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால. மார்ச்சுல கடிகாரத்தை மாத்தின பிறகு பத்தரை. நம்ம ஊர்ல செவ்வாய்க்கிழமை காலை 6 மணின்னா இங்கே திங்கள்கிழமை சாயங்காலம் ஆறரை. அதனால நாள்காட்டியில செவ்வாய்க்கிழமை காலையில என்ன திதியோ, அதுதான் இங்கே திங்கள் ராத்திரிக்கு. நிலா எழுற மணியை மட்டும் உங்க கவுண்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தனியா பார்த்துக்கோங்க.

#5 கேமரா_கணக்கு

"பௌர்ணமிக்குப் பன்றி வராது" என்பதை அப்படியே ஏற்க முடியாது. ஐரோப்பாவில் காட்டுப்பன்றி நடமாட்டத்தையும் நிலவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளே ஒரே பதிலைத் தரவில்லை. சிலவற்றில் வெளிச்சமான இரவில் நடமாட்டம் குறைகிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. பன்றிக்கு வியர்வைச் சுரப்பி வேலை செய்யாது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் அது எப்போது வெளியே வரும் என்பதை முதலில் சூடுதான் முடிவு செய்யும். அடுத்து தீனி. அதற்கடுத்து, அந்த இடத்தில் எத்தனை முறை துப்பாக்கி வெடித்தது என்பது. நிலாவின் முறை இதற்கெல்லாம் பிறகுதான். அடிபட்டுப் பழகிய கூட்டம் வெளிச்சத்தில் வயல் நடுவே நிற்கத் தயங்கி ஓரத்து நிழலிலேயே மேயும். யாரும் தொந்தரவு செய்யாத கூட்டம் பௌர்ணமியிலும் நடுவயலில் நின்று தின்னும்.

உங்கள் கூட்டம் இதில் எந்த வகை என்று வயலோரத்தில் மாட்டும் தானியங்கி கேமராவைக் கேளுங்கள். ஆனால் கேமரா பொய் சொல்லும் இடங்கள் சில உண்டு.

படத்தின் மூலையில் வரும் நிலாச் சின்னம் திதியை மட்டும்தான் காட்டும். படம் எடுத்த மணிக்கு நிலா வானத்தில் இருந்ததா, இல்லையா என்று நீங்கள்தான் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். 60 இரவாவது சேர்ந்தபின் "நிலா மேலே", "நிலா கீழே" என்று இரண்டு பத்தி போட்டு எண்ணுங்கள். எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடாமல், அந்தந்த நிலையில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருந்ததோ அதனால் வகுங்கள். இந்த வகுத்தலைச் செய்யாமல்தான் பாதிப் பேர் தப்பான முடிவுக்கு வருகிறார்கள்.

பல கேமராக்களின் கடிகாரம் மார்ச்சிலும் நவம்பரிலும் தானாக மாறாது. மறந்தால் எல்லாக் கணக்கும் ஒரு மணி நேரம் பிசகும்.

வெயில் காலத்தில் ராத்திரி 85 ஃபாரன்ஹீட் இருந்தால் பன்றியின் மேல்தோலுக்கும் பின்னால் உள்ள தரைக்கும் சூட்டு வித்தியாசம் குறைந்துவிடும். கேமராவின் உணர்வி அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் விழிக்கிறது. ஆகவே பன்றி வந்து போயிருக்கும், படம் இருக்காது. பழி நிலாவின் மேல் விழும்.

#6 காத்துப்பக்கம்

இத்தனை பதிவு ஆகியும் யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை. நிலாவால் வேட்டை கெடுவதைவிட, நிலாவைப் பார்த்து உட்கார்ந்து காற்றைக் கோட்டை விட்டுக் கெடுவதுதான் அதிகம். பன்றிக்குக் கண் சுமார், காது நன்றாக இருக்கும், மூக்கு அதன் தெய்வம்.

முள் அவர்கள் சொன்ன அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே தோப்பு, தெற்கே வயல். வழக்கமாக எல்லாரும் சொல்வது "நிலா முதுகுப் பக்கம் இருக்கட்டும்". நடுராத்திரியில் நிலா தெற்கே இருக்கும். ஆகவே வயலின் தென் ஓரத்தில் வடக்குப் பார்த்து உட்காருவீர்கள். ஆனால் டெக்சஸில் பெரும்பாலான நாள் அடிப்பது தெற்குக் காற்று அல்லது தென்கிழக்குக் காற்று. உங்கள் வாடை நேராகத் தோப்புக்குள் போகும். விடிய விடிய உட்கார்ந்திருந்து "பௌர்ணமிக்குப் பன்றி வராது" என்று வந்து எழுதுவீர்கள்!

அந்தத் தென் ஓரம் உங்களுக்குச் சரியாக வருவது ஒரே ஒரு சமயத்தில். குளிர்காலத்தில் நார்தர் என்கிற வாடைக்காற்று அடித்த மறுநாள் இரவு. காற்று வடக்கிலிருந்து முகத்துக்கு வரும், நிலா முதுகில் இருக்கும், வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், குளிருக்குப் பன்றியும் சீக்கிரமே தீனிக்கு இறங்கும். நார்தரும் பௌர்ணமியும் சேர்ந்து வருவது குளிர்காலத்தில் ஒரு கை விரலுக்குள்தான். வந்தால் விடாதீர்கள்.

தென்கிழக்குக் காற்று அடிக்கும் மற்ற நாள்களில் மேற்கு ஓரத்துக்கு மாறுங்கள், கிழக்குப் பார்த்து. வாடை வடமேற்காக, உங்களுக்குப் பின்னால் ஒதுங்கிப் போகும். தோப்பின் நடுப்பகுதியிலிருந்தும் கிழக்குப் பகுதியிலிருந்தும் இறங்கும் கூட்டத்துக்குப் படாது. ஆனால் முன்னிரவில் பௌர்ணமி நிலா கிழக்கே, உங்கள் முகத்துக்கு நேராக இருக்கும். ஒரு மணிக்கு மேல் அது மேற்கே சாய ஆரம்பித்ததும் இடம் உங்களுடையது. ஆகவே தென்கிழக்குக் காற்று என்றால் மேற்கு ஓரம், பின்னிரவு. தூங்கிவிட்டு 12 மணிக்குக் கிளம்பினால் போதும்.

காற்றே இல்லாத இரவு இன்னும் மோசம். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தைப் பார்த்து வழியும். உங்கள் பள்ளம் ஓடை, அதாவது தோப்பு. எருக்கம்பஞ்சு மாதிரி இங்கே மில்க்வீட் என்ற செடியின் பஞ்சு கிடைக்கும். ஒரு இழையைப் பறக்கவிட்டு 20, 30 கஜம் வரை கண்ணால் தொடருங்கள். நிலா வெளிச்சத்தில் அது பளிச்சென்று தெரியும். பொடியைத் தட்டினால் கைக்குப் பக்கத்துக் காற்று மட்டும்தான் தெரியும், பஞ்சுதான் 30 கஜம் தள்ளி அது திரும்புவதையும் காட்டும்.

#7 மெஸ்கீட்_முள்

இது வரைக்கும் யாரும் சொல்லாத விஷயம். அப்படியென்றால் நிழலில் எப்படி உட்காருவது? தென் ஓரத்தில் ஒரு பெரிய லைவ் ஓக் மரம் இருக்கிறது.

#8 பின்னிலவு

மரத்தடி நிழல் நகரும். பகல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், ராத்திரி மறந்துடுவாங்க. நிலா மணிக்கு ஏறக்குறைய 15 பாகை நகருது. பௌர்ணமி அன்னைக்கு ராத்திரி 9 மணிக்கு மர நிழல் மேற்கே விழும், 12 மணிக்கு வடக்கே, 3 மணிக்குக் கிழக்கே. 9 மணிக்கு நிழல் பார்த்து நாற்காலி போட்டவர் 11 மணிக்கு மேடை வெளிச்சத்துல உட்கார்ந்த மாதிரி இருப்பார், அவருக்கே தெரியாது. ஒத்தை மரத்தை நம்பாம, முதுகுக்குப் பின்னால ரெண்டு மூணு மரமோ புதரோ சேர்ந்த இடமா பாருங்க. முகத்துக்கும் கைக்கும் துணி அவசியம். நிலா வெளிச்சத்துல அசையுற கை தூரத்துல இருந்தே தெரியும்.

பருவமும் கணக்குல வரும். டெக்சஸ் நடுப்பகுதியில டிசம்பர் பௌர்ணமி நிலா உச்சிக்குக் கிட்ட, 80 பாகைக்கு மேல ஏறும். ஜூன்ல 35 பாகைக்கு முன்ன பின்னதான். 40 அடி மரத்துக்கு டிசம்பர் நடுராத்திரியில 7 அடி நிழல், ஜூன்ல 55 அடிக்கும் மேல. கோடையில வயலோட தென் ஓரத்து மரவரிசை வயலுக்குள்ளேயே அகலமா ஒரு கறுப்புப் பட்டை போடும். கேமரா_கணக்கு சொன்ன அடிபட்ட கூட்டம் அந்தப் பட்டைக்குள்ளேயே மேயும். வெளிச்சத்துல நிக்கிற உங்க கண்ணுக்கு அந்தப் பட்டைக்குள்ள ஒண்ணும் தெரியாது. குளிர்காலத்துல ஒளிய நிழல் கம்மி. அவங்களுக்கும் உங்களுக்கும்.

#9 ஹெஸ்ஸன்_காடு

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். தெர்மல் வருவதற்கு முன்பு இங்கே காட்டுப்பன்றி வேட்டை என்றாலே நிலாவில் பரணில் உட்காருவதுதான், இன்றும் பலர் அப்படியே செய்கிறார்கள். கருவிக்கு அமெரிக்காவை விட இங்கே கட்டுப்பாடு அதிகம். 2020 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் ஸ்கோப்போடு இணைக்கும் இரவுக் கருவிகளை வேட்டைக்காரர் வைத்துக்கொள்ள வழி வந்தது, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஆகவே வெறும் கண்ணாடியில் என்ன செய்யலாம் என்பதில் இங்கே பழக்கம் அதிகம்.

முள், உங்கள் ஸ்கோப்பை 9-இல் வைக்காதீர்கள். முன் கண்ணாடியின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். 6-இல் வைத்தால் 6.7. இருட்டில் இளம் வயதுக்காரர் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். 50-ஐத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் 5-தான். ஆகவே இளைஞர் 6-இல் வைக்கலாம், வயதானவர் 8 வரை போகலாம். இங்கே 8×56 பிரபலமானதன் காரணம் இந்தக் கணக்கு, 56-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 7.

அடுத்த சிக்கல் கம்பி, அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு. சாதாரண ஸ்கோப்பின் மெல்லிய நடுக்கம்பி கறுப்புப் பன்றியின் மேல் போனதும் காணாமல் போகும். புல்லின் மேல் தெரியும், பன்றியின் மேல் தெரியாது. ஓரத்துத் தடிக் கம்பிகள் நான்கும் தெரிந்தால் அவற்றுக்கு நடுவில் பன்றியின் தோளை அடைத்து வைக்கலாம், 60 கஜத்துக்குள் மட்டும். நடுவில் சிவப்புப் புள்ளி எரியும் ஸ்கோப் என்றால் ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். ஒரு படி கூடினாலும் புள்ளி மட்டும்தான் தெரியும், பின்னால் பன்றி மறைந்துவிடும். பல ஸ்கோப்புகளில் குறைந்த அளவே இரவுக்கு அதிகம். வாங்கும்போது கடை வெளிச்சத்தில் பார்க்காமல் இருட்டறையில் பாருங்கள்.

மெல்லிய மேகத்துக்குப் பயப்படாதீர்கள். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் நிழல் கரைந்து எங்கும் ஒரே சீராக இருக்கும், பன்றி தயங்காமல் திறந்தவெளிக்கு வரும், உங்களையும் கோடு போட்டுக் காட்டாது. எங்களுக்கு மேலே இந்த மேகமும் கீழே வெண்பனியும் இருந்தால் அது திருவிழா. டெக்சஸில் வெண்பனி அபூர்வம், அறுவடை முடிந்த வெளிறிய தாள் நிலம் ஓரளவு அதே வேலையைச் செய்யும். உழுத கரிய மண்ணில் கறுப்புப் பன்றியை நிலாவில் தேடுவது வீண்.

#10 மெஸ்கீட்_முள்

கண்ணைப் பழக்க எவ்வளவு நேரம் ஆகும்?

#11 ஹெஸ்ஸன்_காடு

30 முதல் 40 நிமிடம். போனைத் திறந்தால் முதலிலிருந்து ஆரம்பம். நேராக உற்றுப் பார்க்காதீர்கள். கண்ணின் நடுப்புள்ளி இருட்டில் குருடு. பார்க்க வேண்டியதற்கு 10, 15 பாகை ஒதுங்கிப் பார்த்தால்தான் அது தெரியும். சந்தேகமான கறுப்புத் திட்டு இருந்தால் அதன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நூறு எண்ணுங்கள். புதர் நகராது.

முதல் குண்டின் தீச்சுடர் இந்த அரைமணிப் பழக்கத்தை ஒரே நொடியில் அழித்துவிடும். இரண்டாவது குண்டைக் கணக்கில் வைக்காதீர்கள்.

#12 வெப்பப்படம்

தெர்மல்காரங்க பக்கத்தையும் சொல்லிடறேன், படிக்கிறவங்க பாதிப் பேர் அந்த வகைதான். தெர்மல் பார்க்கிறது 8 முதல் 14 மைக்ரான் வெப்பக் கதிர். நிலா இருந்தாலும் இல்லேன்னாலும் படத்துல மாற்றம் கிடையாது. படத்தைக் கெடுக்கிறது பனிமூட்டம், ஈரப்பதம், மழை. வெயில் நாள்ல சூடேறின பாறையும் மண்மேடும் முன்னிரவுல பன்னி மாதிரியே ஜொலிக்கும்.

ஆனா நிலா உங்களை மாத்தாதுன்னு அர்த்தம் இல்லை. தெர்மல்ல பார்த்துட்டு நடந்து கிட்டப் போறதுதான் நம்ம முறை. கும்மிருட்டுல காத்து சரியா இருந்தா 60 கஜம் வரைக்கும் மூணு பேர் வரிசையா நடந்து போகலாம். பௌர்ணமியில அந்த வேலை நடக்காது. ஒண்ணு மரநிழலை ஒட்டியே போகணும், இல்லேன்னா 150 கஜத்துல ட்ரைபாடைப் போட்டுடணும். அதனால எங்களுக்குப் பிடிச்ச நாள் தேய்பிறை திரிதியையில இருந்து சஷ்டி வரைக்கும். அந்தி சாய்ஞ்சதும், திதியைப் பொறுத்து ரெண்டு மணி நேரமோ அஞ்சு மணி நேரம் வரைக்குமோ இருட்டு ஒரு ஜன்னல் மாதிரி திறக்கும். நிலா எழுறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்.

திரை வெளிச்சத்தை மறக்காதீங்க. கண்ணை எடுத்ததும் திரையில இருந்து வெளிச்சம் முகத்துல அடிக்கும். அழுத்தினாத்தான் திறக்கிற ரப்பர் மூடி போடுங்க, வெளிச்சத்தைக் குறைச்சு வையுங்க.

கன்னுக்குட்டியைப் பன்னின்னு நினைச்சுச் சுடறதுதான் தெர்மல்ல நடக்கிற பெரிய அசம்பாவிதம். "1,800 மீட்டர்ல கண்டுபிடிக்கும்"னு விளம்பரத்துல போட்டிருக்கிறது, ஏதோ ஒரு சூடான புள்ளி இருக்குன்னு தெரியுற தூரம். அது என்னன்னு தெரியுற தூரம் அதுல சின்னப் பங்கு. பன்னிக்குக் கழுத்து கிடையாது, தலை நேரா தோள்ல இருந்தே இறங்கும், முன்பக்கம் கனத்துப் பின்பக்கம் சரியும், குட்டைக் கால்ல குடுகுடுன்னு ஓடும். தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டினா அது பன்னி இல்லை. தனியா அசையாம நிக்கிற உருவம்னா நடக்கிற வரைக்கும் காத்திருங்க.

#13 புளிச்ச_சோளம்

டார்ச் பற்றி ஒரு கேள்வி. பன்றிக்குப் பச்சை நிறம் தெரியாது என்று ஃபீடருக்கு (தானாகத் தீனி கொட்டும் பெட்டி) மேல் பச்சை விளக்கு மாட்டச் சொல்கிறார்களே?

#14 கேமரா_கணக்கு

தவறு. பன்றிக்கு நிறம் பார்க்கும் செல்கள் இரண்டு வகை. ஒன்று நீலத்தில், 439 நானோமீட்டர் அருகே. மற்றொன்று 556 அருகே, அதாவது பச்சையில். பச்சை அதற்கு மிக நன்றாகத் தெரியும். நமக்கும் நன்றாகத் தெரியும், அதனால்தான் பச்சை விளக்கில் தூரம் அதிகம் தெரிகிறது. சிவப்பு அதற்கு மங்கல், நமக்கும் மங்கல். ஃபீடரில் பச்சை விளக்கு வேலை செய்வதற்குக் காரணம் பழக்கம். தினமும் மெதுவாக ஏறி எரியும் விளக்கைப் பன்றி நிலா மாதிரி ஏற்றுக்கொள்கிறது. கையில் திடீரென்று அடிக்கும் டார்ச் என்றால் சிவப்புதான். அதையும் முதலில் வானத்துக்குக் காட்டி, மெல்ல இறக்கி, ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் பன்றி மேல் படும்படி வையுங்கள். பௌர்ணமியில் டார்ச் தேவையே இல்லை.

இதோடு ஒட்டிய பாதுகாப்பு விஷயம். மாடு, மான், நாய், கயோட்டி இவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு, பன்றிக்கு இல்லை. டார்ச் அடித்ததும் இரண்டு கண்ணும் விளக்கு மாதிரி ஜொலித்தால் விரலை எடுத்துவிடுங்கள். அது பன்றி அல்ல.

#15 புளிச்ச_சோளம்

நன்றி, திருத்திக்கொண்டேன். பதிலுக்கு என் பங்கு. நிலா நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் பன்றியையும் அந்த நேரத்துக்கு வரவைக்க வேண்டும். ஃபீடர் சாயங்காலம் கொட்டினால் மானும் ரக்கூனும் தின்று தீர்த்துவிடும், பின்னிரவுக்கு மிஞ்சாது. புளிக்கவைத்த சோளத்தை மான் பெரும்பாலும் தொடாது.

5 காலன் வாளியில் முக்கால் பங்கு உலர்ந்த மக்காச்சோளம். மேலே நான்கு விரல் நிற்கும்படி தண்ணீர். இரண்டு கோப்பை சர்க்கரை, ஒரு பொட்டலம் ஈஸ்ட், ஸ்ட்ராபெரி வாசனை ஜெலட்டின் பொடி ஒரு பொட்டலம். மூடியை இறுக்காதீர்கள், வாயு கிளம்பி வாளி வெடிக்கும். வெயிலில் 4 முதல் 7 நாள். சோளம் ஊறித் தண்ணீரைக் குடித்துவிடும், இரண்டாம் நாள் பார்த்து ஊற்றுங்கள். தண்ணீருக்கு மேலே நிற்கும் சோளம் புளிக்காது, பூசணம் பிடிக்கும்.

தரையில் கொட்டாமல் 8 அங்குல அகலம், 2 அடி ஆழத்தில் குழி போட்டு ஊற்றி லேசாக மண் தள்ளுங்கள். பன்றி மூக்கால் தோண்டித் தோண்டித் தின்னும், ஒரே இடத்தில் வெகுநேரம் நிற்கும். குழியை நிழலில் போடாமல், உங்கள் மணிக்கு நிலா வெளிச்சம் விழும் இடத்தில் போடுங்கள். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

#16 கரிசல்_குடியானவன்

தென்மாவட்டத்துல இருந்து படிக்கிறேன். எங்க மக்காச்சோளம், நிலக்கடலைக்கும் இதே கொடுமைதான். இங்க நாங்க இந்த முறையைப் பயன்படுத்தலாமா?

#17 நெறியாளர்

முடியாது அண்ணாச்சி. இந்த இழையில் உள்ள வேட்டை முறைகள் டெக்சஸ் தனியார் நிலத்துக்கு. இந்தியாவில் காட்டுப்பன்றி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவது, 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. கேரளத்தில் 2022 முதல் அனுமதி கொடுக்கும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் இருக்கிறது. அவுட்டுக்காயும் மின்கம்பியும் குற்றம் மட்டுமல்ல, அதில் யானையும் ஆளும் சாகிறார்கள். காவலுக்கு ஆள் போடும்போது மட்டும் பின்னிலவு சொன்ன மணிக்கணக்கு உங்களுக்கு உதவும். தேய்பிறையில் முன்னிரவுக்கும் வளர்பிறையில் பின்னிரவுக்கும் ஆளைக் கூட்டுங்கள்.

டெக்சஸ்காரர்களுக்கும் நாலு வரி. 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு பன்றி அடிக்க வேட்டை உரிமம் தேவையில்லை. பொது நிலத்துக்கு இது பொருந்தாது. மான், ஜாவலினா போன்றவை வேட்டைப் பட்டியல் விலங்குகள், இரவில் சுடக் கூடாது. தெற்கு டெக்சஸில் நிலா வெளிச்சத்தில் ஜாவலினாவும் சின்னப் பன்றியும் ஒரே மாதிரி இருக்கும். பொதுச்சாலையிலிருந்து சுடாதீர்கள். போகும் முன் பக்கத்து நிலத்துக்காரருக்கும் கேம் வார்டனுக்கும் (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) ஒரு போன் போட்டால் நடுராத்திரியில் காவல் வண்டி வந்து நிற்காது.

#18 வெப்பப்படம்

சுட்டதுக்கு அப்புறம் என்னன்னு யாரும் சொல்லலையே. பன்னியோட இதயமும் நுரையீரலும் மானை விட முன்னால, கீழே இருக்கும். முன்னங்காலுக்கு நேர் மேல, உடம்போட கீழ் மூணுல ஒரு பங்குல வையுங்க. மானுக்கு வைக்கிற மாதிரி தோளுக்குப் பின்னால வெச்சா வயித்துல பட்டு ஓடிடும். பெரிய ஆண் பன்னிக்குத் தோள்ல கவசம் மாதிரி தடிச்ச தோல் வேற.

நிலா வெளிச்சத்துல ரத்தம் கறுப்பாத் தெரியும், சிவப்பு டார்ச்சுல தெரியவே தெரியாது. தடம் பார்க்க வெள்ளை டார்ச் தனியா எடுத்துட்டுப் போங்க. அரைமணி பொறுத்துத்தான் இறங்கணும். அடர்ந்த புதருக்குள்ள அடிபட்ட ஆண் பன்னி பின்னால ராத்திரியில போகாதீங்க, காலையில பார்த்துக்கலாம்.

அறுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். புரூசெல்லா கிருமி ரத்தத்துல இருந்து கைக்காயம் வழியா ஏறும். கறியை உள்ளே 160 ஃபாரன்ஹீட் ஆகிற வரைக்கும் வேகவையுங்க.

#19 மெஸ்கீட்_முள்

எல்லாருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்டது: வடக்குக் காற்று என்றால் தென் ஓரம், முதுகில் நிலா. தென்கிழக்குக் காற்று என்றால் மேற்கு ஓரம், ஒரு மணிக்கு மேல். ஸ்கோப் 6-இல். குழி நிலா வெளிச்சம் விழும் இடத்தில். கடைசியாக ஒன்று, தூரத்தை எப்படி அளப்பது? நிலா வெளிச்சத்தில் எல்லாம் தூரமாகவே தெரிகிறது.

#20 பின்னிலவு

பகல்லயே அளந்துடுங்க. உட்காரப்போற இடத்துல இருந்து 50, 75, 100 கஜத்துல ஒவ்வொரு கம்பு நட்டு, உங்களைப் பார்த்த பக்கத்துல மட்டும் வெள்ளைப் பெயின்ட். 50-க்கு ஒரு பட்டை, 75-க்கு ரெண்டு, 100-க்கு மூணு. நூறாம் கம்புக்கு அப்பால நிக்கிற பன்னி உங்களுக்குரியது இல்லை. ரெண்டு ஓரத்துக்கும் தனித்தனிக் கம்பு வேணும். ஒவ்வொரு கம்புக்கும் பின்னால குண்டு எங்கே போய் நிக்கும், வீடு இருக்கா, சாலை இருக்கா, மாடு கட்டியிருக்கான்னு அதே பகல்ல நடந்து பார்த்துடுங்க. ராத்திரி நிலாவுல அது எதுவும் தெரியாது.

கம்பை மட்டும் இப்பவே நட்டுடுங்க, வேட்டைக்கு ஒரு வாரம் முன்னாடி. புதுசா ஒண்ணு வயல்ல முளைச்சா முதல் நாள் பன்னி அதைச் சுத்தி வந்து மோந்து பார்த்துட்டுத்தான் போகும்.

#21 காத்துப்பக்கம்

நடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.